எல்லாருக்கும் ஒரே வாசிப்பு அட்டவணை வேண்டாம்

கிறிஸ்துவுக்குள் அன்பான போதகர்களுக்கும் சபை மூப்பர்களுக்கும்,

புத்தாண்டு நெருங்குகிறது. ஓராண்டில் வேதாகமம் முழுவதையும் வாசிக்கும் அட்டவணையை இந்த முறையும் தயாராக வைத்திருப்பீர்கள். அதை எல்லார் கையிலும் கொடுப்பதற்கு முன் இந்த மடலை ஒருமுறை வாசித்துவிடுங்கள்.

66 புத்தகங்கள், 1,189 அதிகாரங்கள். தினமும் மூன்று நான்கு அதிகாரம் வாசித்தால்தான் டிசம்பர் 31-க்குள் முடியும். ஆதியாகமத்தில் யாருக்கும் சிரமம் இல்லை, கதையே இழுத்துக்கொண்டு போகும். யாத்திராகமத்தில் செங்கடலையும் சீனாய் மலையையும் தாண்டி, இஸ்ரவேலர் ஆராதனைக்காக அமைத்த ஆசரிப்புக் கூடாரத்தின் பலகைகளும் கொக்கிகளும் திரைகளும் வரும்போது வேகம் குறைகிறது. ஜனவரி கடைசியில் லேவியராகமம். சர்வாங்க தகனபலிக்கும் சமாதான பலிக்கும் என்ன வித்தியாசம், குஷ்டத்தைப் பற்றி ஏன் இவ்வளவு நீளம் என்று கேட்கப் பக்கத்தில் ஆள் இல்லை. நடுவில் இரண்டு நாள் காய்ச்சல் வந்தால் ஆறேழு அதிகாரம் பாக்கி. ஒரு வாரம் விட்டால் இருபதைத் தாண்டிவிடும். தேதி போட்ட அட்டவணை அப்போது கடன் பத்திரம் போல ஆகிவிடுகிறது, எடுத்துப் பார்க்கவே மனம் வருவதில்லை. அட்டவணையோடு வேதாகமத்தையும் மூடி வைத்துவிடுகிறார்களே, அதுதான் எனக்குப் பெரிய வருத்தம். நமக்கு இதெல்லாம் வராது என்று தங்களைப் பற்றியே தீர்ப்பு எழுதிக்கொள்கிறார்கள்.

இந்த ஆபத்து புதிதல்ல. ஸ்காட்லாந்தில் டண்டீ நகரப் போதகர் ராபர்ட் முர்ரே மெக்செய்ன் 1842-ல் தம் சபைக்காக ஒரு வாசிப்புத் திட்டம் எழுதினார். நாளுக்கு ஏறக்குறைய நான்கு அதிகாரம். இன்றும் பலர் அதைப் பின்பற்றுகிறார்கள். ஆனால் திட்டத்தைக் கொடுத்த கையோடு அதன் ஆபத்துகளையும் எழுதி வைத்தார்: வெறும் சடங்காகிப்போவது, முடித்துவிட்டோம் என்ற சுயநீதி, கவனமில்லாத வாசிப்பு, சிலருக்குச் சுமக்க முடியாத நுகமாகிவிடுவது. அட்டவணையை எடுத்துக்கொண்ட நாம் இந்த எச்சரிக்கையையும் சேர்த்தே எடுத்துக்கொண்டிருக்க வேண்டும்.

அப்போஸ்தலர் 8-ஆம் அதிகாரத்தைப் பாருங்கள். எத்தியோப்பிய மந்திரி ரதத்தில் உட்கார்ந்து ஏசாயாவை வாசித்துக்கொண்டு போகிறார். ஓடிவந்த சுவிசேஷகர் பிலிப்பு, வாசிப்பது புரிகிறதா என்றுதான் கேட்கிறார். ஒருவர் விளக்காவிட்டால் எப்படிப் புரியும் என்கிறார் மந்திரி. பிலிப்பு ஏறிப் பக்கத்தில் உட்காருகிறார். அங்கே இதை எழுதிய லூக்கா எடுத்துக்காட்டுவது ஏசாயா 53-ல் இரண்டே வசனங்கள். அதிலிருந்து தொடங்கிய பேச்சு ஞானஸ்நானத்தில் போய் முடிகிறது. நம்மில் எத்தனை பேருக்கு அப்படி ஏறி உட்கார ஒரு பிலிப்பு கிடைக்கிறார்?

சரி, என்னதான் கொடுக்கலாம்? புதிய ஏற்பாட்டில் 260 அதிகாரங்கள். வாரத்துக்கு ஐந்து நாள், நாளுக்கு ஒன்று என்றால் 52 வாரத்தில் சரியாக முடியும். மீதி இரண்டு நாள் விட்டதைப் பிடிக்க. அதுவும் முடியாதவர்களுக்கு, கைக்குழந்தையோடு இருப்பவருக்கு, இரவு வேலைக்குப் போகிறவருக்கு, லூக்காவும் அப்போஸ்தலரும் போதும். 24-ம் 28-ம் சேர்ந்து 52. வாரம் ஒரே அதிகாரம், அதையே நாலைந்து முறை வாசிக்கட்டும், எழுத்து கூட்டிப் படிக்கிறவர்கள் ஒலி வடிவில் கேட்கட்டும். வேதாகமத்தைப் புதிதாகத் திறப்பவருக்கு மாற்குவின் 16 அதிகாரங்கள். வருடக்கணக்காக வாசித்துப் பழகியவர்கள் முழு வேதாகமத்தையும் எடுக்கட்டும், அதை நான் தடுக்கவில்லை. எதைக் கொடுத்தாலும் தேதி மட்டும் போடாதீர்கள். கட்டம் போட்டு வரிசை எண் கொடுத்தால் போதும், விட்ட இடத்திலிருந்து தொடரலாம். இன்னொன்று: அதிகாரம் என்பது ஒரே அளவல்ல. சங்கீதம் 117-ல் இரண்டு வசனம், 119-ல் 176. அந்த 119-ஐ ஒரே நாள் கட்டத்துக்குள் அடைப்பது நியாயமா?

மற்ற கிறிஸ்தவ நூல்களுக்கும் இதே கணக்குத்தான். பன்னிரண்டு நூல்களின் பட்டியல் பார்க்க நன்றாக இருக்கும். மூன்று மாதத்துக்கு ஒன்று போதும். நாளுக்கு ஐந்து பக்கம் என்றால் முந்நூறு பக்க நூல் இரண்டு மாதத்தில் முடிந்துவிடும். அப்புறம் ஒரு மாதம் அதைப் பற்றி உட்கார்ந்து பேசலாம். மிஷனரி வாழ்க்கை வரலாற்றில் தொடங்கினால் வாசிப்புப் பழக்கமே இல்லாதவர்களும் கூட வருவார்கள்.

வருடக் கடைசியில், முழுவதும் வாசித்தவர்கள் எழுந்து நில்லுங்கள் என்று கேட்கும் வழக்கம் இருந்தால் விட்டுவிடுங்கள் ஐயா. உட்கார்ந்தே இருப்பவர்களுக்கு அந்த நிமிடம் எவ்வளவு நீளம் என்று யோசித்துப் பாருங்கள். அதற்குப் பதிலாக ஒவ்வொருவரோடும் ஒரு துணையைச் சேர்த்து வையுங்கள். வாரம் ஒரு முறை, என்ன வாசித்தாய், எங்கே புரியவில்லை என்று அவர் கேட்கட்டும். புரியாத கேள்விகளை வேதபாட வகுப்புக்குக் கொண்டுவரச் சொல்லுங்கள். ஜனவரியில் செய்யும் அறிவிப்பை ஜூலை முதல் ஞாயிறு இன்னொரு முறை செய்து, பாதியில் நின்றவர்களுக்கு அன்றைக்கே புதிய தாள் ஒன்றைக் கொடுங்கள்.

இப்படிக்கு,
சபையில் உங்களோடு வாசிக்கும் ஒரு விசுவாசி