கரி வண்டி பற்றி அப்பாவுக்கு

யார்க், இங்கிலாந்து,
ஞாயிறு இரவு

அன்புள்ள அப்பாவுக்கு,

நலம், நலமறிய ஆவல். உங்கள் இரண்டு கடிதமும் வந்து சேர்ந்தன. முதல் கடிதத்துக்கே பதில் போடாதது என் தப்புதான். போனில் பேசுகிறோமே என்று இருந்துவிட்டேன். ஆனால் போனில் நான் சொல்வது பாதி உங்களுக்குக் கேட்பதில்லை, “சரி சரி, அம்மாகிட்ட குடுக்கறேன்” என்று கொடுத்துவிடுகிறீர்கள். எஞ்சின் சத்தத்தில் போன காது. இனி எழுதியே சொல்கிறேன்.

“அங்கே கரி வண்டி இன்னும் ஓடுதா?” என்று கேட்டிருந்தீர்கள். ஆசைக்கு ஓட்டுகிறார்கள், பிழைப்புக்கு இல்லை. பிரிட்டிஷ் ரயில்வே 1968 ஆகஸ்டிலேயே மெயின் லைனில் நீராவி எஞ்சினை நிறுத்திவிட்டது. அதற்கப்புறமும் விழுப்புரம் ஷெட்டில் நீங்கள் எத்தனை வருஷம் கரி அள்ளிப் போட்டீர்கள்!

இந்த ஊரில் ரயில் மியூசியம் இருக்கிறது. டிக்கெட் கிடையாது, உள்ளே நல்ல கதகதப்பு. லீவு நாளில் காலையில் போனால் சாத்துகிற நேரம்வரை அங்கேதான் இருப்பேன். மல்லார்டு அங்கே நிற்கிறது அப்பா. ஏ4 கிளாஸ் எஞ்சின், நைஜல் கிரெஸ்லி டிசைன் செய்தது. 1938 ஜூலை 3-ம் தேதி மணிக்கு 126 மைல் ஓடிய வண்டி. அந்த வேகத்தை இன்றுவரை எந்தக் கரி வண்டியும் தாண்டவில்லை. நீலப் பெயிண்ட், சரிந்த மூக்கு, பாய்லரே வெளியே தெரியாத மாதிரி தகடு போர்த்தி இருக்கிறது. முதலில் எனக்கு மனசில் ஒட்டவில்லை. பிறகு நீங்கள் சொல்லிக் கொடுத்தபடி குனிந்து சக்கரத்தை எண்ணினேன். முன்னால் 4, நடுவில் 6, பின்னால் 2. நம்ம ஊர் ஒய்.பி. எஞ்சின் கணக்கேதான்! நடுச் சக்கரம் மட்டும் 6 அடி 8 அங்குலம், என் தலைக்கு மேலே போகிறது. ரொம்ப நேரம் அங்கேயே நின்றிருந்தேன்.

பக்கத்து வீட்டுப் பெரியவரைப் பற்றிப் போனில் சொன்னேனே, மழையிலும் வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருப்பாரே, அவர் சின்ன வயசிலிருந்து எஞ்சின் நம்பர் எழுதி வைப்பவர். நோட்டைக் காட்டினார். பார்த்த வண்டிக்கு நேராகப் பென்சில் கோடு. ஏ4 மொத்தம் 35. ஒன்று 1942-ல் இதே யார்க்கில் விழுந்த குண்டில் போய்விட்டது, மீதி 34-க்கும் கோடு போட்டிருக்கிறார். பிளாக் ஃபைவ் என்று இன்னொரு கிளாஸில் 842 வண்டி, அதில்தான் அவர் பார்க்காதது நிறைய. சரக்கு ரயில் இழுத்த 9எஃப் கிளாஸ் பக்கம் வந்தால் குரல் கம்மிவிடுகிறது. 251 வண்டியில் கடைசியாக ஸ்விண்டன் ஒர்க்‌ஷாப்பில் கட்டி முடித்தது 1960 மார்ச்சில் வெளியே வந்தது, 1965-ல் நிறுத்திவிட்டார்கள். ஐந்தே வருஷம். உங்களுக்குத்தான் அந்த வயிற்றெரிச்சல் புரியும்.

அவர் இன்னொன்றும் சொன்னார். ஏ4-க்கு மூன்று சிலிண்டர். நடு சிலிண்டரின் பெரிய பேரிங் உள்ளே இருப்பதால் சூடேறினால் டிரைவருக்குத் தெரியாது. அதனால் அதற்குள் சோம்பு எண்ணெய்க் குப்பி வைப்பார்களாம். சூட்டில் குப்பி உடைந்து கேபின்வரை சோம்பு வாசனை வந்தால் வண்டியை நிறுத்த வேண்டும். மல்லார்டுக்கும் அன்று அந்த பேரிங்தான் சூடேறிப்போனது.

சோம்பு என்றதும் அதற்கு மேல் அவர் சொன்னது என் காதில் விழவில்லை. ஞாயிற்றுக்கிழமை அம்மா அம்மியில் சோம்பும் தேங்காயும் வைத்து அரைப்பாளே, நீங்கள் நைட் டூட்டி முடிந்து கரி படிந்த சட்டையோடு பின்வாசல் வழியாக வருவீர்களே, அந்த வாசனை. வீட்டுக்கு வந்து கதவைச் சாத்திக்கொண்டேன். ஒன்றுமில்லை அப்பா, அம்மாவிடம் இதைச் சொல்ல வேண்டாம்.

சாப்பாட்டுக்குக் குறைவில்லை. பிரட்டும் முட்டையும் பழகிவிட்டது. ஹீட்டர் போட்டால் எனக்குத் தலை வலிக்கிறது, இரண்டு போர்வையே போதும். ஷிப்டு மாறியதால் இந்த மாசம் கொஞ்சம் குறைத்து அனுப்பியிருக்கிறேன். அடுத்த மாசம் சரியாகிவிடும். அம்மாவின் கண் ஆபரேஷனை மட்டும் தள்ளிப்போடாதீர்கள், ஐப்பசி மழைக்கு முன் முடித்துவிடுங்கள். பணம் போதாவிட்டால் சின்ன மாமாவிடம் கேளுங்கள், நான் அவரிடம் பேசிவிட்டேன். தங்கச்சி வளைகாப்புக்கு வர முடியாது என்று நானே அவளுக்குச் சொல்கிறேன், நீங்கள் முந்த வேண்டாம். பட்டா விஷயத்தில் சித்தப்பா சொல்கிற இடத்தில் கையெழுத்துப் போடும் முன் எனக்கு ஒரு வார்த்தை எழுதுங்கள்.

நீங்கள் ஓட்டிய ஒய்.பி.யில், செய்த கம்பெனி பெயர் போட்டு இருந்தது கிளாஸ்கோ நார்த் பிரிட்டிஷ் கம்பெனித் தகடா, ஜாம்ஷெட்பூர் டெல்கோ தகடா? உங்கள் வண்டி நம்பரும் வேண்டும். பெரியவர் நோட்டில் ஒரு பக்கம் காலியாக விட்டு வைத்திருக்கிறார்.

அன்பு மகன்