போகிற தேதியை முதல் நாளே சொல்லிவிடு

அன்புள்ள கயலுக்கு,

அம்மா எழுதுவது. இங்கே எல்லாரும் நலம். செல்வம் மாமாவுக்கு இந்த மாதத்து மாத்திரை வாங்கியாயிற்று. போனில் பேசினால் நீ பாதியிலேயே "சரிம்மா, கிளாஸுக்கு நேரமாச்சு" என்று வைத்துவிடுகிறாய். எனக்கும் போனில் கோர்வையாகப் பேச வராது. அதனால்தான் உட்கார்ந்து எழுதுகிறேன்.

பொங்கல் லீவு முடிந்ததும் சைக்காலஜி படிப்புக்காக மூன்று மாதம் கீழ்ப்பாக்கம் மனநல ஆஸ்பத்திரியில் போஸ்டிங் என்று நீ சொன்னபோது உன் அப்பா, "அங்கேயா?" என்று கேட்டார். எனக்குச் சுருக்கென்றது. நம் பக்கம் ஒருத்தரை மட்டம் தட்ட வேண்டுமென்றால் அந்த ஊர்ப் பெயரைச் சொல்லித்தான் கேலி செய்வார்கள். மாமாவோடு பஸ்ஸில் போகும்போது என் காதுபடவே சொல்லியிருக்கிறார்கள். 1794-ல் தொடங்கிய ஆஸ்பத்திரி அது. வீட்டில் வைத்துக்கொள்ள முடியாதவர்களை இருநூறு வருஷத்துக்கு மேலாக உள்ளே சேர்த்துக்கொண்ட இடம். நாட்டின் முதல் பெண் மனநல மருத்துவரான சாரதா மேனன் அம்மா கண்காணிப்பாளராக இருந்து வேலை பார்த்த இடம். அந்த வாசலில் என் மகள் கால் வைக்கப் போகிறாள் என்பதில் எனக்குப் பெருமைதான். அப்பாவிடமும் அதையே சொன்னேன். அவர் பதில் பேசவில்லை. மறுநாள் உனக்கு ஒரு நல்ல கைக்கடிகாரம் வாங்கி வந்து வைத்திருக்கிறார்.

பாடத்தை உனக்கு உன் வாத்தியார்கள் சொல்லித் தருவார்கள். நான் முப்பது வருஷமாக மேஜைக்கு எதிர்ப்பக்கம், மாமாவுக்குப் பக்கத்து ஸ்டூலில் உட்கார்ந்திருந்தவள். அங்கிருந்து பார்த்ததை மட்டும் எழுதுகிறேன்.

மாமா ஈ.டி., அதாவது நிரந்தரமில்லாத கிராமத்துத் தபால்காரராக இருந்தது உனக்குத் தெரியும். மனநோய் வந்தபோது அவனுக்கு இருபத்தேழு வயது. அதற்கு முன் ஆறு வருஷம் சைக்கிளில் நாலு ஊருக்குத் தபால் கொடுத்தவன். ஒரு தடவை ஆஸ்பத்திரியில் உன் வயதுப் பெண் ஒருத்தி, படிக்கிற பிள்ளை, புத்தி தெளிவாக இருக்கிறதா என்று பார்க்க அவனை உட்கார வைத்துக் கேள்வி கேட்டாள். நூறிலிருந்து ஏழு ஏழாகக் கழிக்கச் சொன்னாள், கழித்தான். அப்புறம், "ரோட்டில அட்ரஸ் எழுதி ஸ்டாம்பு ஒட்டின கவர் கிடக்குது, என்ன செய்வீங்க?" என்றாள். மாமா நிமிர்ந்து உட்கார்ந்தான். "பின்கோடு போட்டிருக்கா?" என்று கேட்டான். அவள் அதே கேள்வியைத் திரும்பவும் கேட்டாள். "630-னு ஆரம்பிச்சா நம்ம சைடு. பக்கத்து ஊருன்னா நானே கையில குடுத்துருவேன். இல்லன்னா பையில போட்டு சப் ஆபீஸுக்கு அனுப்பணும்" என்றான். அன்றைக்கு அந்த ஆஸ்பத்திரியிலேயே அவ்வளவு சரியான பதிலை வேறு யாரும் சொல்லியிருக்க முடியாது. அந்தப் பெண் ஏதோ எழுதிக்கொண்டாள். சற்று நேரம் கழித்துத் தன் மேடத்திடம், "கேட்டதுக்குச் சம்பந்தமில்லாம பேசுறார்" என்று சொன்னது எனக்குக் கேட்டது. ஃபைலின் முதல் பக்கத்தில் தொழில் என்ற இடத்தில் "இல்லை" என்று இருந்தது. அதற்கு மேல் அவள் கேட்கவே இல்லை. நானாவது எழுந்து போய்ச் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. அது இன்னும் என் மனதை அறுக்கிறது.

அதனால், கயல், அந்தக் கேள்விகளை நீ மனப்பாடம் செய்துகொண்டு போவதில் தப்பில்லை. ஆனால் அதற்கு முன்னால், இந்த ஆள் நோய்க்கு முன்பு என்னவாக இருந்தார் என்று கேள். பாத்திரக்கடை வைத்திருந்தாரா, பூக்கட்டினாரா, லாரி ஓட்டினாரா, கேள். அது தெரியாமல் அவர் சொல்லும் பதில் சரியா தப்பா என்று உனக்கு எப்படித் தெரியும்?

ஃபைல் இருந்தால் போவதற்கு முதல் நாளே படித்துவிடு. எங்களிடம் ஒவ்வொரு செட் பிள்ளைகளும் வந்து முதலிலிருந்து கதை கேட்பார்கள். எப்போது ஆரம்பித்தது, குடும்பத்தில் யாருக்காவது இருக்கிறதா, ஏன் உடனே கூட்டிவரவில்லை. அந்தக் கடைசிக் கேள்வியை எந்தக் குரலில் கேட்கிறாய் என்று கவனமாக இரு. நாங்கள் அவனை முதலில் குணசீலத்துக்குத்தான் கூட்டிப் போனோம். உன் அம்மாச்சி ஒரு மண்டலம், 48 நாள், கோயிலில் அவனோடு தங்கி ஈரத்துணியோடு சுற்றிவந்தாள். அதற்குப் பிறகுதான் ஆஸ்பத்திரி. இதைச் சொன்னதும் ஒரு பிள்ளை உதட்டைப் பிதுக்கியது. அம்மாச்சி அன்றோடு அங்கே வாயைத் திறக்கவில்லை. அவனைப் பெற்று வளர்த்தவளிடமிருந்து கிடைக்க வேண்டிய அத்தனை தகவலும் அந்த உதட்டுப் பிதுக்கலோடு போயிற்று. இன்னொரு டாக்டர் இருந்தார். "48 நாள் கூடவே இருந்தீங்களாம்மா? ராத்திரி தூங்கினானா?" என்றுதான் கேட்டார். அம்மாச்சி கடகடவென்று எல்லாவற்றையும் சொன்னாள்.

ஏர்வாடி தர்காவுக்கும் கூட்டிப்போவதாக இருந்தோம். அங்கே ஒரு விடுதியில் விட்டால் பார்த்துக்கொள்வார்கள் என்று சொன்னார்கள். அம்மாச்சி பணம்கூட எடுத்து வைத்திருந்தாள். அதற்குள் 2001 ஆகஸ்ட் 6-ம் தேதி அங்கே ஒரு கொட்டகை தீப்பிடித்து 28 பேர் செத்துப்போனார்கள். சங்கிலியில் கட்டியிருந்ததால் தப்பி ஓட முடியவில்லை. செய்தியைக் கேட்டு அம்மாச்சி அந்தப் பணத்தை எடுத்து வெளியே வைத்துவிட்டு அதையே பார்த்துக்கொண்டிருந்தாள். நீ அப்போது பிறக்கவில்லை. சங்கிலி போடக்கூடாது என்று 2017 மனநலப் பாதுகாப்புச் சட்டத்தில் எழுதியிருப்பதை நீ ஒரு வரியில் படித்திருப்பாய். அந்த வரிக்குப் பின்னால் இது இருக்கிறது. கோயில், தர்கா என்று அலைந்துவிட்டு வருகிறவர்கள் பிள்ளையைக் கைவிட்டவர்கள் இல்லை, அவனுக்காகத்தான் அலைந்திருக்கிறார்கள்.

மாத்திரையைப் பற்றியும் கொஞ்சம் தெரிந்துகொண்டு போ. மருந்து உன் பாடம் இல்லை என்பாய். ஆரம்பத்தில் போட்ட ஊசியிலும் மாத்திரையிலும் மாமா மரம்போல ஆகிவிட்டான். முகத்தில் அசைவில்லை, நடந்தால் கை வீசாது. முகத்தில் உணர்ச்சியே இல்லை, அது நோயின் குணம் என்று ஒரு கேஸ் ஷீட்டில் எழுதினார்கள். பெரிய டாக்டர் வந்து கையை மடக்கி நீட்டிப் பார்த்துவிட்டு, இது மருந்தால் வந்த விறைப்பு என்று சொல்லி மாத்திரையைக் குறைத்து, கூட ஒரு சின்ன மாத்திரை கொடுத்தார். பத்து நாளில் அவன் சிரித்தான். ஆகவே "எந்த மாத்திரை, எப்போதிலிருந்து" என்று கேட்டுவிட்டுத்தான் முகத்தைப் பற்றி எழுது.

அடுத்தது பாஷை. நீங்கள் இங்கிலீஷில் படிக்கிறீர்கள். வருகிறவர்கள் "தலைக்குள்ள குறுகுறுங்குது", "நெஞ்சு படபடங்குது", "யாரோ செய்வினை வச்சிட்டாங்க" என்றுதான் சொல்வார்கள். ஸ்ட்ரெஸ்ஸையும் மன அழுத்தம் என்கிறோம், டிப்ரஷனையும் மன அழுத்தம் என்கிறோம். அந்த வார்த்தையை வைத்துக் கேட்டால் கடன் இருக்கிற எல்லாரும் ஆமாம் என்பார்கள். தூக்கம் எப்படி, காலையில் எழுந்திருக்கப் பிடிக்கிறதா, முன்பு ஆசையாகச் செய்ததை இப்போது செய்கிறாரா என்று தனித்தனியாகக் கேள். நோட்டில் இருக்கிற கேள்விகளையெல்லாம் ஒரு தடவை வீட்டுத் தமிழில் எழுதி, ஹாஸ்டல் சமையல்கார அக்காவிடம் சொல்லிப் பார். அவருக்குப் புரிந்தால் போதும்.

இதில் ஒன்றை மட்டும் நீ சுற்றி வளைக்கவே கூடாது. மாமா ரொம்ப மோசமாக இருந்த சமயம். ஒரு பிள்ளை, "தப்பான முடிவு ஏதாச்சும் எடுக்க நினைச்சீங்களா?" என்று கேட்டது. மாமா இல்லை என்று தலையாட்டினான். நர்ஸம்மா ஒருவர் அங்கே நின்றுகொண்டிருந்தார். அவர் குனிந்து, "செத்துப்போயிரலாம்னு தோணுதா தம்பி?" என்றார். மாமா மெதுவாக, "தினமும்" என்றான். எனக்கு மூச்சு நின்றுபோயிற்று. அவன் பக்கத்திலேயே படுத்திருந்தும் எனக்குத் தெரியவில்லை. கேட்டால் அந்த நினைப்பை நாமே கிளப்பிவிட்டது போலாகும் என்று நான் பயந்திருந்தேன். அப்படி ஆகாது, கேட்டால்தான் வெளியே வரும் என்று அந்த நர்ஸம்மா சொன்னார். வாய் கூசாமல் அந்த வார்த்தையைச் சொல்லிப் பழகு. கண்ணாடி முன்னால் நின்றாவது சொல்லிப் பார். யாராவது ஆமாம் என்று சொன்னால் அன்றைக்கே, அந்த நிமிஷமே, உன் சூப்பர்வைசரிடம் போய்ச் சொல். "யார்கிட்டயும் சொல்லாதீங்க" என்று கேட்பார்கள். சரி என்று வாக்குக் கொடுத்துவிடாதே. போலீஸ் கேஸ் ஆகிவிடும் என்று பயந்து வீட்டுக்காரர்கள் மறைப்பார்கள். சாக முயன்றவர் கடுமையான மன உளைச்சலில் இருந்தார் என்றே கொள்ள வேண்டும், அதற்காகத் தண்டிக்கக்கூடாது என்று அந்த 2017 சட்டத்தின் 115-வது பிரிவு சொல்வதை அவர்களுக்கு எடுத்துச் சொல்.

மற்றதெல்லாம் உனக்கே தெரியும். "டாக்டரம்மா" என்று கூப்பிடுவார்கள், "இல்லைங்க, நான் படிக்கிற பொண்ணு" என்று ஒவ்வொரு தடவையும் சொல். பேச இஷ்டமா என்று கேட்டுவிட்டு உட்கார். ஹாஸ்டல் ரூமில்கூட யார் பெயரையும் சொல்லாதே, வாட்ஸ்அப்பில் ஒரு வரிகூட வேண்டாம். அழுகை வந்தால் அழு, சாப்பாட்டை மட்டும் விடாதே.

இந்தக் கடிதத்தை எழுத உட்கார்ந்ததே வேறொன்றைச் சொல்லத்தான்.

நீ எட்டாவதோ ஒன்பதாவதோ படித்துக்கொண்டிருந்த வருஷம், ஓ.பி.யில் ஒரு படிக்கிற பையன் மாமாவைப் பார்த்தான். நான் பார்த்த அத்தனை பிள்ளைகளிலும் நல்ல பிள்ளை அவன்தான். செவ்வாய்க்கிழமை தோறும் அரைமணி நேரம். மாமாவின் பழைய தபால் ரூட்டை ஒரு பேப்பரில் வரையச் சொன்னான். எந்த வீட்டில் நாய், எந்தத் திண்ணையில் மோர் கொடுப்பார்கள் என்று மாமா ஒவ்வொரு வாரமாகக் குறித்துக்கொண்டு போவான். திங்கட்கிழமை ராத்திரியே ஷேவ் செய்துகொள்வான். நான் சொல்லி ஒரு நாளும் செய்யாதவன். ஒரு செவ்வாய்க்கிழமை போனால் அந்த நாற்காலியில் வேறொரு பையன். "அவரோட போஸ்டிங் முடிஞ்சிருச்சு" என்றான். மாமா அந்தப் பேப்பரை நாலாக மடித்துச் சட்டைப்பைக்குள் வைத்துக்கொண்டு வெளியே பெஞ்சில் வந்து உட்கார்ந்தான். "நான் ஏதாச்சும் தப்பாப் பேசிட்டேனாக்கா?" என்று கேட்டான். வீடு வரும்வரை அதையே கேட்டுக்கொண்டு வந்தான். அடுத்த வாரம் ஆஸ்பத்திரிக்கே வர மாட்டேன் என்றான், மாத்திரையையும் நிறுத்தினான். மழைக்காலம் வருவதற்குள் திரும்ப அட்மிட் செய்ய வேண்டியதாயிற்று. அதனால்தான் என்று நான் சொல்ல மாட்டேன், இந்த நோய் எப்போது கிளம்பும் என்று யாருக்குத் தெரியும். ஆனால் அந்தப் பையனிடம், போகிறோம் என்பதையும் சொல்லிவிட்டுப் போக வேண்டும் என்று யாரோ ஒருவர் சொல்லிக் கொடுத்திருக்கலாம்.

நீ போகிற இடத்தில், வருஷக்கணக்காகப் பார்க்க ஒருவரும் வராமல் இருக்கிறவர்கள் இருப்பார்கள். நீ பிரியமாகப் பேசுகிறவள். அதனால்தான் எனக்குப் பயம். முதல் நாள் உன் பெயரைச் சொல்லும்போதே, "ஏப்ரல் 17 வரைக்கும்தான் இருப்பேன்" என்று சொல்லிவிடு. கடைசி மூன்று நாலு வாரம் ஒவ்வொரு தடவையும் ஞாபகப்படுத்து. அடுத்து யார் பார்ப்பார்கள் என்று தெரிந்தால் அவரைக் கூட்டிவந்து காட்டு. கடைசி நாள் அவர் முகத்தைத் திருப்பிக்கொண்டாலும் நீ உட்கார வேண்டிய நேரம் உட்கார்ந்துவிட்டுத்தான் வர வேண்டும். போன் நம்பர் கொடுக்காதே, வந்து பார்க்கிறேன் என்றும் சொல்லாதே, உன்னால் முடியாது.

நேற்று மாமாவிடம் உன்னைப் பற்றிச் சொன்னேன். டிவி பார்த்துக்கொண்டிருந்தவன் தலையைத் திருப்பாமலே, "கீழ்ப்பாக்கம்னா 600010" என்றான். கவரில் முகவரி நான் எழுதப் போனேன், வாங்கி அவனே எழுதினான், மேலே இருப்பது அவன் கையெழுத்துதான். எப்போது வரை அங்கே இருப்பாள் என்று கேட்டான். ஏப்ரல் 17 என்றேன். விரல்விட்டு எண்ணிப் பார்த்தான். "அப்ப பத்தாம் தேதிக்குள்ள போடுறதுதான் அவ கைக்குக் கிடைக்கும். அதுக்கப்புறம் போடாதக்கா" என்றான்.

அன்புடன்,
அம்மா