கவனத்தையும் சொல்லிக்கொடுங்கள், சார்

அன்புள்ள பள்ளி உடற்கல்வி ஆசிரியர்களுக்கு,

வணக்கம். பள்ளி நாட்களில் நான் நீளம் தாண்டும் வீராங்கனை. ஒரு மாவட்டப் போட்டியில் மூன்று தாண்டலும் ஃபவுல், அதாவது செல்லாத தாண்டல். மூன்றாவது முறை ஓடும்போது மணல் கண்ணிலேயே படவில்லை, ஃபவுல் என்று காட்ட நடுவர் கையிலிருந்த சிவப்புக் கொடிதான் தெரிந்தது. ஓரத்தில் நின்ற என் பி.டி. சார், "கவனம்! கவனமா ஓடு!" என்று தொண்டை கிழியக் கத்தினார். நல்ல மனிதர். என் ஓட்டத்தை டேப் பிடித்து அடி அடியாக அளந்து கொடுத்தவர். கவனத்தை எப்படிக் கொண்டுவருவது என்று மட்டும் அவர் சொல்லித்தரவில்லை. அவருக்கும் யாரும் சொல்லித்தந்திருக்க மாட்டார்கள்.

2024 டிசம்பரில் சிங்கப்பூரில் நம் குகேஷ் உலக செஸ் பட்டம் வென்றதைக் கொண்டாடினோமே, அவர் முதல் ஆட்டத்திலேயே தோற்றவர். 12-ஆவது ஆட்டத்தில் மறுபடியும் அடி. புள்ளிகள் 6-6 என்று சமம். அதற்குமேல் 18 வயதுப் பிள்ளை அடுத்ததை டிரா செய்து, கடைசியான 14-ஆவதில் அதுவரை சாம்பியனாக இருந்த சீனாவின் டிங் லிரெனை வென்றார். அவர் தயாரானபோது கூட இருந்தவர்களில் மனப் பயிற்சியாளர் பேடி அப்டனும் ஒருவர். 2011-இல் உலகக் கோப்பை வென்ற இந்திய கிரிக்கெட் அணியுடன் இருந்தவரும் அவரே.

நம் பள்ளிக்கு அப்டன் வர மாட்டார், சரி. ஆனால் வார்ம்-அப்புக்கு முன் ஐந்து நிமிடம் பிள்ளைகளை உட்காரவைத்து மூச்சைக் கவனிக்கச் சொல்லலாமே. மனம் எங்கேயாவது ஓடும், ஓடட்டும். ஓடியதைக் கண்டுகொண்டு, திட்டாமல் மூச்சுக்குத் திருப்பிக் கூட்டிவருவதுதான் பயிற்சி. தினமும் செய்தால்தான் போட்டி அன்றைக்குக் கைகொடுக்கும். அப்புறம் கண்ணை மூடி, முதல் அடியிலிருந்து மணலில் விழுவது வரை ஒருமுறை மனதுக்குள் ஓடிப்பார்க்கச் சொல்லுங்கள்.

தவறுக்குப் பிறகு செய்ய ஒரு சின்ன வழக்கமும் வேண்டும். நான் இப்போது பயிற்சி தரும் ஒரு சிறுமி, ஃபவுல் ஆனால் ஷூ நாடாவை அவிழ்த்து நிதானமாக மறுபடி கட்டுவாள். முடிச்சு விழும்வரை கொடி இருக்கும் பக்கம் திரும்பவே மாட்டாள்.

ஒன்று, தூக்கமில்லாமல் தவிக்கும், ஓயாமல் அழும் பிள்ளையிடம் "மூச்சை எண்ணு" என்று சொல்லி விட்டுவிடாதீர்கள். டாக்டரிடம் அனுப்புங்கள். 2021-இல் டோக்கியோ ஒலிம்பிக்கில் அமெரிக்க ஜிம்னாஸ்டிக்ஸ் வீராங்கனை சிமோன் பைல்ஸ், மனநலம்தான் முக்கியம் என்று அணி இறுதிப் போட்டியிலிருந்தே விலகினார். 2024 பாரிஸ் ஒலிம்பிக்கில் மீண்டு வந்து மூன்று தங்கம் வென்றார்.

ஜூனில் பள்ளி திறந்ததும் அந்த ஐந்து நிமிடத்தைத் தொடங்குங்கள். நீங்களும் பிள்ளைகளோடு தரையில் உட்காருங்கள், சார்.

அன்புடன்,
உங்கள் பழைய மாணவி