லண்டன் சைக்கிளும் சுங்கை சிப்புட் வீடும்

ஈஸ்ட் ஹாம், லண்டன்

அன்புள்ள அப்பா, அம்மாவுக்கு,

தங்கச்சி கையால் எழுதி அனுப்பிய கடிதம் கிடைத்தது. எழுத்து அவளுடையது என்றாலும் வரிக்கு வரி அம்மா குரல்தான் கேட்டது. வேலை முடிந்து எப்படி வீடு திரும்புகிறாய், பஸ் கிடைக்கிறதா, துணைக்கு யாராவது வருகிறார்களா என்று திரும்பத் திரும்பக் கேட்டிருக்கிறீர்கள். போனில் சொல்லத் தொடங்கினால் பாதியிலேயே அம்மாவுக்குப் படபடப்பு வந்துவிடும். அதனால்தான் எழுதுகிறேன், நிதானமாக வாசித்துக்கொள்ளலாம். நான் சைக்கிளில்தான் வேலைக்குப் போய் வருகிறேன்.

அம்மா, பயப்பட வேண்டாம். இங்கேயும் வண்டிகள் நம்ம மலேசியா மாதிரி இடது பக்கம்தான் ஓடுகின்றன. ஸ்ட்ராட்ஃபோர்டிலிருந்து ஆல்ட்கேட் வரைக்கும் சைக்கிளுக்கென்று பாதை போட்டிருக்கிறார்கள். அதில் பெரும்பகுதிக்குக் கல் வரம்பு கட்டியிருப்பதால் கார் உள்ளே வர முடியாது. சில சந்திப்புகளில் சைக்கிள்காரர்களின் கண் உயரத்தில் சின்னதாகத் தனி சிக்னல் விளக்கும் உண்டு. காலையில் வீடு திரும்பும்போது கிரீன்வே என்ற பாதையில் வருவேன். மேடாகக் கரை கட்டி அதன் மேல் பாதை, இரண்டு பக்கமும் புல். அடியில் ஓடுவது கழிவுநீர்க் குழாய்கள். 1858-இல் தேம்ஸ் நதி நாறிப்போய்ப் பார்லிமெண்டில் உட்கார முடியாமல் போன பிறகு பசல்ஜெட் என்ற பொறியாளர் கட்டியவை. மேலே ஒரு நாற்றமும் தெரியாது. இருட்டிய பிறகு அந்தப் பக்கம் போவதில்லை, விளக்கு எரியும் ரோட்டிலேயே வருவேன். முன்னால் வெள்ளை விளக்கு, பின்னால் சிவப்பு விளக்கு, இரண்டும் இரவில் இங்கே சட்டம்.

தங்கச்சி, அடுத்த நாலு வரியை அப்பாவுக்கு மட்டும் வாசித்துக் காட்டு. அப்பா, எனக்குப் பயம் லாரிதான். இடது பக்கம் திரும்பும் பெரிய லாரிக்காரருக்குத் தன் இடது பக்கத்தில் ஒட்டி நிற்கும் சைக்கிள் கண்ணில் படாது. லண்டனில் சைக்கிளில் போய் உயிர் விட்டவர்களில் பலர் அப்படிப் போனவர்கள். அதனால் சிக்னலில் நான் லாரிக்குப் பக்கத்தில் புகுவதே இல்லை, எவ்வளவு நேரமானாலும் பின்னால்தான் நிற்பேன். செம்பனைக் குலை ஏற்றிய லாரி வரும்போது இறங்கிப் புல்லில் நில் என்பீர்களே, அந்தப் பழக்கம் இன்றைக்கும் விடவில்லை.

சைக்கிள் கிடைத்த கதையைச் சொல்கிறேன். கீழ்வீட்டு ஐயாவைப் பற்றி முன்பே சொல்லியிருக்கிறேன் இல்லையா, யாழ்ப்பாணத்துக்காரர், தனியாக இருப்பவர். அவர் வீட்டுச் சமையலறையில் சாப்பாட்டு மேசை கிடையாது. அந்த இடத்தில் சைக்கிளைத் தூக்கி மாட்டும் ஸ்டாண்ட் நிற்கிறது, கூரையிலிருந்து சக்கரங்கள் தொங்குகின்றன. அடுப்பில் சொதி கொதித்துக்கொண்டிருக்கும், இவர் பக்கத்தில் நின்று ஸ்போக்ஸ் கம்பிகளை ஒவ்வொன்றாக விரலால் சுண்டிச் சத்தம் கேட்டுக்கொண்டிருப்பார். எந்தக் கம்பி தளர்ந்திருக்கிறது என்று அந்தச் சத்தத்திலேயே அவருக்குத் தெரிந்துவிடும். ஒருநாள் என்னையும் கூப்பிட்டுக் காட்டினார். சக்கரத்தை மெதுவாகச் சுற்றவிட்டு ரிம்முக்குப் பக்கத்தில் ஒரு சாக்பீஸ் துண்டை அசையாமல் பிடித்தார். ரிம் எங்கே வளைந்திருக்கிறதோ அங்கே மட்டும் வெள்ளைக் கோடு விழுந்தது. கோடு விழுந்த இடத்தில் எதிர்ப் பக்கத்துக் கம்பியை இறுக்கவேண்டும். நான் சாவியைப் போட்டு முழுச் சுற்றுத் திருப்பப் போனதும், "கால் சுத்துக் காணும் பிள்ளை" என்று கையைப் பிடித்துக்கொண்டார். மறுபடி சுற்றிவிட்டபோது கோடு பாதியாகக் குறைந்திருந்தது. எனக்கு எவ்வளவு சந்தோஷம் தெரியுமா!

பின்கட்டில் ஒரு பழைய ராலி கிடந்தது, அதைச் சரிசெய்து குறைந்த விலைக்குத் தந்தார். முன்பக்கத் தகட்டில் கொக்குத் தலை, நாட்டிங்ஹாம் என்ற எழுத்து. அப்பா, உங்கள் சைக்கிளில் சின்ன வயதில் நான் நகத்தால் சுரண்டுவேனே, அதே கொக்குத் தலை. பார்த்ததும் இதுதான் வேண்டும் என்று சொல்லிவிட்டேன். பஸ் காசு மிச்சமாகிறது. வீட்டு வாடகை கொஞ்சம் ஏறியிருக்கிறது, அது எல்லாருக்கும்தான், சமாளித்துக்கொள்கிறேன்.

ஐயாதான் ஞாயிற்றுக்கிழமை சைக்கிள் ஓட்டும் கூட்டத்தில் சேர்த்துவிட்டார். முன்பெல்லாம் வேலை இல்லாத ஞாயிறுகளில் பகல் முழுக்க ரேடியோ போட்டுக்கொண்டு துணி மடிப்பேன். இப்போது விடியும் முன்னே கிளம்பிவிடுகிறேன். ஆணும் பெண்ணுமாகப் பத்துப் பன்னிரண்டு பேர், ஓய்வுபெற்ற தபால்காரர் ஒருவர், பள்ளி ஆசிரியை ஒருவர், நைஜீரியாவிலிருந்து வந்த என் வயதுப் பெண் ஒருத்தி. வடக்கே எப்பிங் காட்டுக்குப் போவோம், ஹை பீச் என்ற இடத்துத் தேநீர்க் குடிசையில் இறங்குவோம். இவர்களிடம் எனக்கு மிகவும் பிடித்தது, யாரையும் பின்னால் விட்டுவிட்டுப் போகமாட்டார்கள். மேட்டில் நான் திணறினால் உச்சியில் எல்லாரும் காத்திருப்பார்கள். முன்னால் போகிறவர் ரோட்டில் பள்ளம் கண்டால் கையைக் கீழே நீட்டிக் காட்டுவார், அடுத்தவர் பார்த்து அப்படியே காட்டுவார், கடைசி ஆள் வரைக்கும் அந்தக் கை வந்து சேரும். காற்று எதிர்த்து அடித்தால் பலசாலிகள் முறை போட்டு முன்னால் போவார்கள். அவர்கள் பின்னால் ஒட்டிப் போனால் மிதிப்பது எவ்வளவோ லேசு. புதிதாக வந்த என்னை நடுவில் விட்டுப் பாதுகாத்தார்கள். இந்தப் பெரிய ஊரில் யாரும் யார் முகத்தையும் பார்ப்பதில்லை என்று சொல்கிறவர்கள் ஒரு ஞாயிறு இவர்களோடு வரவேண்டும்.

குளிர்தான் கொடுமை. விரல் நுனி மரத்துப்போய் பிரேக் பிடிக்கிறோமா இல்லையா என்றே தெரியாது. தபால்காரர் சொல்லிக்கொடுத்தபடி இறக்கம் வரும் முன் சட்டைக்குள் ஒரு செய்தித்தாளைச் செருகிக்கொள்கிறேன், மார்பில் காற்று ஏறுவதில்லை. தேநீர்க் குடிசையில் எல்லாரும் கேக் வாங்குவார்கள். நான் வீட்டிலிருந்தே ரொட்டிக்குள் நெத்திலிச் சம்பால் வைத்துக் கொண்டுபோய்விடுவேன், எனக்கு அதுதான் பிடித்திருக்கிறது. அம்மா அனுப்பிய பிளாச்சான், அந்த இறால் விழுது, தீர்ந்துவிட்டது, சொல்ல மறந்துவிடப்போகிறேன்.

அப்பாவுக்கு இன்னொரு செய்தி. ஸ்ட்ராட்ஃபோர்டில் 2012 ஒலிம்பிக்குக்காகக் கட்டிய சைக்கிள் அரங்கத்தை வழியில் பார்க்கிறேன். நம்ம மலேசிய சைக்கிள் வீரர் அசிசுல்ஹஸ்னி ஓட்டிய இடம். 2011-இல் மான்செஸ்டரில் விழுந்து மரச்சிம்பு கெண்டைக்காலில் ஊடுருவிய பிறகும் எழுந்து மூன்றாவதாக வந்தவர். 2016-இல் ரியோவில் அவர் வெண்கலம் வாங்கியபோது நீங்கள் விசில் அடித்ததைத் தபால்காரரிடம் சொன்னேன்.

போன மாதம் ஆற்றோரமாகக் கியூ தாவரவியல் தோட்டம் வரைக்கும் போனோம். டிக்கெட் எடுத்து உள்ளே போகவில்லை, நேரம் போதவில்லை, வெளியே கரைப் பாதையிலேயே ஓட்டினோம். 1876-இல் விக்கம் என்ற ஆங்கிலேயர் பிரேசிலிலிருந்து 70,000 ரப்பர் விதைகளைக் கொண்டுவந்து கொடுத்தது இங்கேதான். முளைத்தவை கொஞ்சம்தான். அடுத்த வருடம் அதில் சில கன்றுகள் சிங்கப்பூருக்குப் போய், அங்கிருந்து நம்ம கோலகங்சாருக்கு வந்தன. மாவட்ட அலுவலகத்துப் பக்கம் வேலி போட்டு வைத்திருக்கிறார்களே, பள்ளியிலிருந்து கூட்டிப்போய்க் காட்டிய மரம், அது அந்தக் கன்றுகளில் ஒன்று. 1888-இல் டன்லப் சைக்கிளுக்குக் காற்றடைத்த டயர் செய்தார். சைக்கிளுக்கும் அப்புறம் காருக்கும் ரப்பர் வேண்டுமென்று காட்டை அழித்துத் தோட்டம் போட்டார்கள். தோட்டத்துக்கு ஆள் வேண்டுமென்று கொள்ளுத்தாத்தாவை நாகப்பட்டினத்தில் கப்பல் ஏற்றினார்கள். அந்த மதிலோரம் என் டயரைத் தொட்டுப் பார்த்துக்கொண்டே இதைச் சொன்னேன். யாருக்கும் தெரிந்திருக்கவில்லை. அப்பா எத்தனை மணிக்கு எழுந்து எத்தனை ரப்பர் மரத்தில் பால் வெட்டுவீர்கள் என்று கேட்டார்கள், வீடு வரும் வரைக்கும் சொல்லிக்கொண்டே வந்தேன்.

அம்மா, ஒன்றே ஒன்று சொல்லிவிடுகிறேன். மார்கழியில் ஒருநாள் இருட்டோடு காட்டுக்குள் போய்க்கொண்டிருந்தோம். நான் கடைசியில் இருந்தேன். முன்னால் போனவர்களின் தலைவிளக்குகள் மரங்களுக்கு நடுவே மறைந்து மறைந்து தெரிந்தன, பால் வெட்டப் போகிறவர்கள் நெற்றியில் விளக்குக் கட்டிக்கொண்டு நிரையில் நடப்பதைப் போல. நானும் தங்கச்சியும் நம்ம தோட்டத்து லயத்து வீட்டு வாசலில் நின்று அதில் அப்பா விளக்கு எது என்று பந்தயம் கட்டுவோம். அன்றைக்கு எனக்கு மேலே மிதிக்கக் கால் வரவில்லை. சங்கிலி கழன்றுவிட்டதாகச் சொல்லி ஓரமாகக் கொஞ்ச நேரம் நின்றேன். இப்போது நன்றாக இருக்கிறேன்.

சரி, வீட்டு விஷயம். அப்பாவின் சைக்கிளைப் பழைய இரும்புக்குப் போடலாம் என்று அம்மா எழுதியிருக்கிறீர்கள். தயவுசெய்து போடாதீர்கள். சைக்கிள் கடை முதலாளி தவுக்கேயிடம் கொடுத்து பேரிங்கில் கிரீஸ் வைத்து, டயரில் காற்றடித்து, தரையில் படாமல் தொங்கவிடச் சொல்லுங்கள். செலவை நான் தருகிறேன்.

இந்த மாதம் பணம் வழக்கத்தைவிடக் கொஞ்சம் குறைவாகப் போட்டிருக்கிறேன், அடுத்த மாதம் சேர்த்துப் போடுகிறேன். அதில் முதலில் அம்மா முட்டிக்கு ஈப்போவில் டாக்டரைப் பாருங்கள், தள்ளிப்போட வேண்டாம். தங்கச்சி எஸ்.பி.எம். பரீட்சை முடிவு வந்ததும் மேலே படிக்க ஆறாம் படிவமா மெட்ரிகுலேசனா என்று அவள் முடிவெடுக்கட்டும், சின்ன மாமா சொல்கிறார் என்பதற்காக வேலைக்கு அனுப்பிவிடாதீர்கள். தைப்பூசத்துக்கு லீவு கேட்டிருக்கிறேன். பதில் வரவில்லை. வர முடியாவிட்டாலும் மேனர் பார்க்கில் முருகன் கோயில் இருக்கிறது, பால்குடத்துக்கு என் பெயரில் நேர்ந்ததை இங்கேயே செலுத்திவிடுவேன்.

லயத்தைக் காலி செய்யச் சொல்லித் தோட்ட ஆபீசிலிருந்து வந்த கடிதத்தைப் பற்றி இரண்டே வரி எழுதியிருக்கிறீர்கள். அதுதான் பெரிய விஷயம் அப்பா. பக்கத்து வீட்டுப் பெரியப்பா கையெழுத்துப் போட்டுவிட்டார் என்பதற்காக நீங்களும் போட வேண்டாம். முதலில் தொழிற்சங்கத்தில் காட்டுங்கள். மாற்று வீடு எங்கே, எப்போது, நஷ்ட ஈடு எவ்வளவு என்பது எழுத்தில் இருக்கவேண்டும், வாயால் சொல்வது போதாது. நீங்கள் வேலைக்குச் சேர்ந்த ஆண்டு தெரியும் பழைய சம்பளச் சீட்டுகள் தகரப் பெட்டியில் பாட்டி சேலைக்கு அடியில் இருக்கும். தங்கச்சி, ஆபீஸ் கடிதத்தையும் அந்தச் சீட்டுகளையும் பக்கம் பக்கமாகப் போட்டோ எடுத்து இந்த வாரத்துக்குள் எனக்கு அனுப்பிவிடு.

இப்படிக்கு,
உங்கள் அன்பு மகள்