செல்வத்துக்கு: நீ எழுதிய அந்த ஒரு வரி பற்றி

அன்புள்ள செல்வம்,

உன் கடிதம் கிடைத்தது. பேத்தி நடக்கத் தொடங்கிவிட்டாள் என்று படித்ததில் வீட்டில் எல்லோருக்கும் சந்தோஷம். இங்கே எல்லோரும் நலம். எனக்கு முழங்கால் வலி குறைந்து, காலை நடையை மறுபடி ஆரம்பித்துவிட்டேன்.

ஆனால் கடைசியில், போகிற போக்கில் எழுதியிருக்கிறாயே, "சில மாதமாக மலத்தோடு ரத்தம் போகிறது, மூலமாகத்தான் இருக்கும், வலி இல்லை" என்று, அது மனதை அரித்துக்கொண்டே இருக்கிறது. இன்னோர் இடத்தில் படியேறினால் மூச்சு வாங்குகிறது என்றும் எழுதியிருக்கிறாய். இந்த இரண்டையும் நீ சேர்த்துப் பார்க்கவில்லை.

மூலம் என்பது புதிதாக முளைக்கிற கட்டி இல்லை. ஆசனவாய்க்குச் சற்று உள்ளே, ரத்தக் குழாய்களும் நார்த்திசுவும் சேர்ந்த மெத்தை போன்ற பகுதி எல்லோருக்கும் பிறவியிலேயே உண்டு. ஆசனவாயை இறுக மூடி வைப்பதில் அதற்கும் பங்கு இருக்கிறது. மலச்சிக்கலில் முக்குவது, கழிப்பறையில் நெடுநேரம் உட்காருவது, கர்ப்பகாலம், வயது என்று பல காரணங்களால் அதைப் பிடித்திருக்கும் நார்கள் தளர்ந்துவிடும். பிறகு ரத்தம் தேங்கி வீங்கி, மெல்லக் கீழே சரியும். போனோடு கழிப்பறைக்குள் போகிற பழக்கம் இருந்தால் இன்றைக்கே விட்டுவிடு.

வலி இல்லை என்பதில் நிம்மதி கொள்ளாதே. உள்மூலம் வருகிற இடத்தில் வலியை உணரும் நரம்புகள் இல்லை, அதனால் ரத்தம் மட்டும் சத்தமில்லாமல் போய்க்கொண்டிருக்கும். வெளிமூலம் அப்படியல்ல. தோலுக்கடியில் ரத்தம் உறைந்துவிட்டால் முதல் இரண்டு மூன்று நாள் உட்காரவே முடியாது.

கொஞ்சம் கொஞ்சமாகப் போனாலும் மாதக்கணக்கில் போனால் இரும்புச்சத்து குறைந்து ரத்தசோகை வரலாம். களைப்பு, மூச்சு வாங்குவது எல்லாம் அதன் அடையாளங்கள். உன் மூச்சு வாங்கலுக்கு இதயம், நுரையீரல் என்று வேறு காரணமும் இருக்கலாம். எதுவானாலும் பார்த்தாக வேண்டும்.

இன்னொன்றையும் சொல்லாமல் இருக்க முடியவில்லை. மூலம் புற்றுநோயாக மாறாது. ஆனால் பெருங்குடல் புற்றுநோயிலும் ரத்தம் போகும், மூலம் இருக்கிறவருக்கு அதுவும் சேர்ந்தே இருக்கலாம். ரத்தம் கருத்து வந்தாலோ, மலத்தோடு கலந்து வந்தாலோ, எடை குறைந்தாலோ, மலம் போகிற வழக்கம் மாறினாலோ தள்ளிப்போடவே கூடாது. சிவப்பாகச் சொட்டினாலும் நம் வயதில் ஒரு தடவை கொலனோஸ்கோபி, அதாவது ஆசனவாய் வழியாகக் கேமரா வைத்த குழாயை விட்டுப் பெருங்குடலைப் பார்க்கிற சோதனை, செய்து பார்ப்பதுதான் சரி என்று நினைக்கிறேன். கடையில் களிம்பு வாங்கித் தடவிக்கொண்டு நாளைக் கடத்தாதே.

மூலம்தான் என்று உறுதியானால் பயப்பட ஒன்றுமில்லை. நாளைக்கு 25 முதல் 30 கிராம் நார்ச்சத்து, போதிய தண்ணீர், முக்காமல் போவது, இவற்றிலேயே பலருக்கு அடங்கிவிடும். அடங்காவிட்டால் உள்மூலத்தின் வேரில் சின்ன ரப்பர் வளையம் போடுவார்கள். ரத்த ஓட்டம் நின்று அது தானே உதிர்ந்துவிடும். அறுவை சிகிச்சை வரை போவது சிலருக்குத்தான்.

கூச்சமாக இருக்கும், தெரியும். டாக்டர்களுக்கு இது தினமும் பார்க்கிற விஷயம். இந்த வாரமே போ, ரத்தப் பரிசோதனையும் செய்யச் சொல். துணைக்கு ஆள் வேண்டுமென்றால் ஒரு வார்த்தை சொல், நான் வருகிறேன். என்ன சொன்னார்கள் என்று உடனே எழுது.

அன்புடன்,
மணி