இகுவானாவுக்கு ஜன்னல் வெயில் போதாது

ஆசிரியர் அவர்களுக்கு,

உங்கள் செல்லப்பிராணிகள் பகுதியில் ஊர்வன வளர்ப்பவர்களையும் கொஞ்சம் கவனியுங்கள். என் பேரன் வளர்க்கும் பச்சை இகுவானாவுக்கு (பெரிய ஓணான் போன்றது) பின்னங்கால்கள் நடுங்கின, கீழ்த்தாடை வீங்கியது. விற்ற கடைக்காரரோ, "நல்லா சாப்பிடுது போல" என்றார்! எக்ஸ்ரே எடுத்த பிறகுதான் கால்சியம் இல்லாமல் எலும்பு மெலிந்திருப்பது தெரிந்தது.

புற ஊதா பி கதிர் பட்டால்தான் அதன் தோலில் வைட்டமின் டி3 உருவாகும். அது இல்லாவிட்டால் தின்ற கால்சியம் உடம்பில் சேராது. ஜன்னல் கண்ணாடி அந்தக் கதிரைப் பெரும்பாலும் தடுத்துவிடும். அதனால் இப்போது காலையில் மொட்டை மாடியில் கம்பிக் கூண்டு. கூண்டின் ஒரு பாதியை மூடி நிழலுக்கு ஒரு கோணிச் சாக்கு. வீட்டுக்குள் அதே கதிரைத் தரும் யூவிபி விளக்கு. பாலக்கீரையில் உள்ள ஆக்ஸலேட் என்ற பொருள் கால்சியத்தைப் பிடித்துக்கொள்ளுமாம். அதை நிறுத்திவிட்டு முருங்கைக்கீரையும் செம்பருத்தி இலையும் தருகிறோம். (என் பூஜைக்குப் பூ மட்டும் மிஞ்சுகிறது.) கால்சியம் மருந்து டாக்டர் சொன்ன அளவுதான், டி3 கூடினாலும் ஆபத்து. எலும்பு எளிதில் முறியும்; தூக்கும்போது நம் முன்கையையும் சேர்த்து அதன் வயிற்றுக்கடியில் கொடுத்துத் தாங்க வேண்டும். வாலைப் பிடிக்கவே கூடாது.

இத்தகைய வெளிநாட்டு உயிரினங்களைப் மத்திய அரசின் பரிவேஷ் இணையதளத்தில் பதிவு செய்ய 2024-இல் விதி வந்தது, சரி. அப்படியே, உணவும் விளக்கும் பற்றித் தமிழில் ஒரு தாளைக் கடைக்காரர்கள் தரவும் கட்டாயமாக்கலாம். மாவட்டத்துக்கு ஓர் அரசு கால்நடை மருத்துவமனையிலாவது ஊர்வன வைத்தியம் தெரிந்தவர் வாரம் ஒருநாள் இருக்கட்டும்.

– ஓய்வுபெற்ற ஆசிரியை, திருச்சி