முரளிக்கு ஒரு கடிதம்

அன்புள்ள முரளி,

நான்கு மாதமாகப் பதில் போடவில்லை, மன்னித்துவிடு. இங்கே எல்லோரும் நலம். அம்மாவுக்கு முட்டி வலி தேவலை. ராஜி உன்னை விசாரித்தாள்.

கையெழுத்துப் போட மறுத்ததற்காக உன்னை வேறு பிரிவுக்குத் தூக்கியடித்துவிட்டார்கள் என்று எழுதியிருந்தாயே, அன்றிலிருந்து எனக்கு விண்வெளி வீரர் ஜான் யங் நினைவாகவே இருக்கிறது. விடுதி மொட்டை மாடியில் நீ ஆம்ஸ்ட்ராங் கட்சி, நான் யங் கட்சி என்று விடிய விடிய சண்டை போட்டோமே, அதே யங்தான்.

அமெரிக்கக் கடற்படையில் சோதனை விமானி. 1962இல் நாசாவுக்கு வந்தார். ஜெமினி விண்கலத்தில் இரண்டு முறை, அப்பல்லோவில் இரண்டு முறை போனார்; 1972இல் நிலவில் நடந்தார். (ஜெமினி 3இல் ஒளித்துக்கொண்டு போன சாண்ட்விச்சைச் சொல்லியே நீ என்னை மடக்குவாய். இப்போது வேண்டாம்.) 1981இல், 50 வயதில், கொலம்பியா விண்வெளி ஓடம். அந்த ஓடம் அதற்கு முன் ஆளில்லாமல்கூட விண்வெளிக்குப் போனதில்லை. முதல் தடவையே இவரும் சக வீரர் கிரிப்பனும் உள்ளே ஏறி உட்கார்ந்துவிட்டார்கள்.

இதையெல்லாம்தான் அன்று கத்திக் கத்திச் சொன்னேன். அதற்குப் பிறகு நடந்ததை நான் சரியாகப் படித்தது இப்போதுதான். 1986இல் சேலஞ்சர் ஓடம் வெடித்து ஏழு பேர் போனார்கள். யங் அப்போது விண்வெளி வீரர்களின் தலைவர். இன்னும் எந்தெந்தக் கோளாறு உயிரைக் குடிக்கும், காலக்கெடுவுக்குப் பயந்து எதையெல்லாம் விட்டுவைத்திருக்கிறோம் என்று மேலிடத்துக்குக் குறிப்பு மேல் குறிப்பாக எழுதினார். விஷயம் பத்திரிகை வரை போனது. 1987இல் அவரைத் தலைமைப் பொறுப்பிலிருந்து மாற்றினார்கள். ஹபிள் தொலைநோக்கியை ஏற்றிப்போகும் பயணத்துக்கு அவர்தான் தளபதியாக இருந்திருக்க வேண்டும். அப்புறம் அவர் விண்வெளிக்குப் போகவே இல்லை. ஆனாலும் 2004 முடியும்வரை நாசாவில்தான் இருந்தார், பாதுகாப்பைப் பற்றி எழுதிக்கொண்டே.

சோதனை விமானிக்குப் பறப்பது பாதி வேலைதான், முரளி. இறங்கி வந்து இன்னது சரியில்லை என்று எழுதிக் கொடுப்பது மீதிப் பாதி. நீயும் அதைத்தான் செய்தாய். அன்று ராத்திரி போனில் "தப்பு பண்ணிட்டேனாடா?" என்று கேட்டாய். எனக்கு உடனே வாய் வரவில்லை. நீ தப்பே பண்ணவில்லை.

அந்த அறிக்கையின் நகல் உன்னிடம் இருக்கிறதல்லவா? வீட்டில் பத்திரமாக வை. பாலாவுக்கும் ஒன்று அனுப்பு, அவனுக்கு இந்தச் சட்டமெல்லாம் அத்துப்படி. ஞாயிறு காலை கூப்பிடுகிறேன், எடு.

உன்,
சேகர்